நிரப்பிய நான்கு நாட்கள்

தொலைபேசிக் குரலில் விழும் ஓட்டையை இரண்டு விநாடி வரை இயந்திரமே நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவள் நான். கூட்டக் குறிப்பின் கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஏன் இரண்டு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பேசுகிற மனிதர் மூச்சு வாங்கிக்கொள்ளும் நேரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பேன். அந்த அளவுக்குள் யாரையும் ஏமாற்றிவிட முடியாது என்று நம்பினேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு தேயிலைக் கம்பெனியில். மலையில் பத்து எஸ்டேட்டுகள், கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம். பத்து எஸ்டேட்டுகளின் கணினிகளையும் தொலைபேசிகளையும் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பு. எஸ்டேட்டுக்கு ஒன்றாகக் கணினிப் பெட்டிகளை வாங்க அனுமதி கேட்டு எம்.டி. கிருபாகரன் முன்னால் உட்கார்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"ஏனுங்க பூங்கோதை, எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்தியாச்சுன்னு போன வருசந்தானே கேக் வெட்டுனோம்? இப்ப மறுபடியும் எஸ்டேட்டுக்கு ஒரு பொட்டிங்கறீங்க?"

"கிளவுட் இங்க நல்லாத்தானுங்க சார் இருக்கு. மலையில மழை பேஞ்சா லைன் போயிருது. டிரையர்ல சூடு ஏறுதுன்னு மெஷின் அங்கிருந்து கேட்டு, நாம பதில் அனுப்பறதுக்குள்ள தூள் கருகிப்போகுது. அங்கயே முடிவெடுக்கற மாதிரி ஒரு பெட்டி இருந்தா, லைன் போனாலும் பேக்டரி நிக்காது. லைன் வந்ததும் நடந்ததை நமக்குச் சொல்லிரும்."

"லைன் வர்ற வரைக்கும் என்ற ஸ்கிரீன்ல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. காலியா இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது ஆகாதுங்க. தேயிலை வாங்கறவங்களும் அதே ஸ்கிரீனைத்தான் பாக்கறாங்க. காலியா இருந்தா பயந்துக்குவாங்க. நேத்து இவ்வளவு, முந்தாநேத்து இவ்வளவுன்னு தெரியுமல்லோ? அதை வெச்சு இன்னைக்கு இவ்வளவு இருக்கும்னு மெஷினே போட்டுக்கட்டுமே."

அப்படித்தான் தொடங்கியது. லைன் அறுந்தால், மலையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று இங்கே கிளவுட் ஊகிக்கும். நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று அங்கே பெட்டி ஊகிக்கும். கொழுந்தின் எடைக்கும் ஆள் கணக்குக்கும் ஒரு மணி நேரம் வரை. தொலைபேசிப் பேச்சுக்கு இரண்டு விநாடி. பேச்சையும் ஏன் சேர்த்தோம் என்றால், எங்கள் எஸ்டேட்டுகளிலேயே தொலைவில் இருக்கும் ஊசிப்பாறையில் செல்போன் கோபுரம் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து யார் யாரோடு பேசினாலும் கம்பெனி லைன் வழியாகத்தான். பாதி வார்த்தை காற்றில் போய்விடும்.

ஊசிப்பாறை மருந்தகத்தில் என் தங்கை செண்பகவல்லி நர்ஸ். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் நான்தான். அதை அவள் மறந்தாலும் நான் மறக்கவிடுவதில்லை என்பது அவளுடைய புகார். எங்கள் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சண்டையில்தான் முடியும். பெட்டி வைத்த அன்று அவளிடம் பேசினேன்.

"எப்படிக் கேக்குது?"

"காதுக்குள்ள வந்து உக்காந்துட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளியே உக்காருக்கா."

எட்டு மாதம் அங்கே பெட்டியும் இங்கே கிளவுடும் எங்கள் எல்லோருடைய பேச்சையும் கேட்டுக் கற்றுக்கொண்டன. நிரப்புவதற்காகத்தான் கற்றன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆடியில் மழை பிடித்தது. மலைப்பாதையில் மரங்கள் விழுந்தன, இரண்டு எஸ்டேட்டுகளில் வீடுகள் சரிந்தன. கம்பெனியில் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"மேடம், ஊசிப்பாறை எப்படி இருக்குதுங்க? எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் கிடைக்கல."

திரையைப் பார்த்தேன். நூற்று எண்பத்தாறு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் மாலை வல்லியோடு பேசியிருந்தேன்.

"நல்லா இருக்காங்கங்க. நாங்க நேரடியாப் பாத்துட்டிருக்கோம்" என்றேன்.

"அப்ப டீமை வேற பக்கம் அனுப்பிடறோம்."

"அனுப்புங்க."

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கு நாளும் மாலையில் வல்லி பேசினாள். மழை என்றாள், அட்டைக்கடி என்றாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஒருநாளும் சண்டை வரவில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பத்தெட்டு. இந்த வயதில்தான் அக்கா தங்கையாக இருக்கக் கற்றுக்கொள்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மழைக்கு ஒதுங்கவும் நேரமில்லாத அந்த நாட்களிலும் போனில் வல்லியிடம் அவளுக்குப் புடவை எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள்.

"பச்சை எடுக்கட்டுமா, அரக்கு எடுக்கட்டுமா?"

"நீ எது எடுத்தாலும் சரிக்கா."

கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மனிதர். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் சாக்குத்துணி. ஐம்பது வயதிருக்கும்.

"ஊசிப்பாறையில பாய்லர் பாக்கற இருளப்பன்மா. நர்சம்மாவோட அக்கா நீங்கதானே?"

"ஆமா. வாங்க, உக்காருங்க. என்ன இந்தக் கோலம்? இருங்க, அவகூடத்தான் பேசிட்டிருக்கேன்."

அவர் உட்காரவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"யாருகூடம்மா?"

"வல்லிகூட."

"அங்க லைனே இல்லியேம்மா." மெதுவாகத்தான் சொன்னார், எனக்கு ஏதோ ஆகிவிட்டது போல. "வியாழக்கிழமை மலை சரிஞ்சு கம்பமெல்லாம் ஆத்தோட போயிருச்சு. கரண்டு இல்ல. நாலு நாளா இருட்டுல கெடக்கோம். நான் சனிக்கிழமை கெளம்பி, பாறைய புடிச்சு ஏறி எறங்கி வந்து சேர்ந்திருக்கேன்."

போன் என் காதில்தான் இருந்தது.

"யாருக்கா வந்திருக்காங்க?" என்றாள் வல்லி.

"இருளப்பன்" என்றேன். ஏன் பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. இருபது வருடம் நெட்வொர்க்கில் வேலை பார்த்தவள், கேட்ட குரலுக்குப் பதில் சொன்னேன்.

"இருளப்பனா? அவர் இங்க பாய்லர்கிட்ட நின்னுட்டிருக்காரே. கூப்பிடவா?"

ஸ்பீக்கரை அழுத்தினேன். ஒரு நொடி இரைச்சல். பிறகு அவருடைய குரல் மேசைமேல் இருந்து வந்தது. "வணக்கம்மா. இங்க ஒண்ணும் கொறையில்லம்மா. பாய்லர் நல்லா ஓடுது."

இருளப்பன் சுவரில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போனார். "அது நான் இல்லம்மா" என்றார். "சாமி சத்தியமா நான் இல்லம்மா." தன் தொண்டையைக் கையால் பொத்திக்கொண்டார்.

நான் அழைப்பைத் துண்டித்தேன். அவர் மருந்துச்சீட்டுக் கவருக்குள் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். வல்லியின் சாய்ந்த கையெழுத்து.

'அக்கா, மூணு நாளா உன்கிட்ட பேசிட்டுதான் இருக்கேன். டீம் வருது, அங்கயே இருங்கன்னு சொல்லிட்டே இருக்க. யாரும் வரல. நீ இவ்வளவு பொறுமையா பேசி நான் பார்த்ததில்ல. நேத்து உன்ன வேணும்னே கண்டபடி திட்டினேன். கோவிச்சுக்கவே இல்ல. அதான் பயமா இருக்கு. அன்னக்கொடிங்கற பொண்ணுக்கு எட்டு மாசம், பிரஷர் எறங்க மாட்டேங்குது. ரெண்டு தடவை ஜன்னி வந்துருச்சு. பாலம் போயிட்டதால தூக்கிட்டு வர வழியில்ல. ஆளுங்களையும் கயிறையும் அனுப்பு. இதைப் படிக்கறது நீயா இருந்தா, உடனே அனுப்பு.'

கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்து, நான் வெள்ளிக்கிழமை சொன்னது தவறு என்றேன். அந்த மனிதர், "நேரடியாப் பாத்துட்டிருக்கோம்னீங்களே மேடம்" என்றார். ஒரு மணி நேரத்தில் மீட்புக் குழு கிளம்பியது. வழி காட்ட இருளப்பன் வந்தார். நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் மண்ணை வெட்டி ஒதுக்கும் வரை நின்று நின்று போனோம். இருளப்பன் கேட்டார்.

"அந்தப் பொட்டி ஏம்மா பொய் சொல்லுச்சு? அதுக்கு நாங்க என்ன பண்ணுனோம்?"

"பொய்னு அதுக்குத் தெரியாது. பேச்சு நடுவுல அறுந்தா, ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை போட்டு ஒட்டச் சொல்லியிருந்தோம். ரெண்டு விநாடிக்கு மேல போகக் கூடாதுன்னு அளவும் வெச்சிருந்தோம்."

"நாலு நாளு பேசுச்சேம்மா."

ஜீப்பின் தகரக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குச் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

"எதிர்ப் பக்கத்துக் குரல் கேட்டா, லைன் வந்துருச்சுன்னு அது எடுத்துக்கும். மறுபடியும் முதல்ல இருந்து ரெண்டு விநாடி எண்ணும். ஆனா அது போட்டு ஒட்டுனதும் அதே குரல்தானே. தன்னோட குரலைத் தானே கேட்டு, லைன் வந்துருச்சுன்னு நம்பியிருக்கு. ஒவ்வொரு ரெண்டு விநாடிக்கும் அதையே நம்பியிருக்கு. கொழுந்து எடையும் ஆள் கணக்கும் அப்படித்தான். தான் போட்ட கணக்கையே நீங்க அனுப்புனதுன்னு எடுத்துக்கிச்சு."

"இதை யாரும் முன்னாடி பாக்கலியா?"

"பாக்க வேண்டியது நான்தான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். "எங்களுக்கு வெளிச்சமில்ல, அதுக்கு மட்டும் பச்சை வெளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சும்மா" என்றார் சற்றுக் கழித்து. பெட்டிக்குத் தனி பேட்டரி, பத்து நாள் தாங்கும். அந்த உத்தரவிலும் என் கையெழுத்து உண்டு. எல்லோருடைய போன்களுக்கும் அதிலிருந்துதான் சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆற்றைக் கயிற்றில் தாண்டினோம். பாலம் இருந்த இடத்தில் இரண்டு கல்தூண்கள் மட்டும் நின்றன. பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் எல்லோரும் தங்கியிருந்தார்கள். ஈரத்துணியும் வாடிப்போன இலையும் சேர்ந்த ஒரு வாடை. மாடிப்படியில் கால் வைத்தபோது மேலிருந்து என் குரல் கேட்டது.

"நான் இங்கதான் இருக்கேன். வைக்கல. நீங்க பேச வேண்டாம், சும்மா இருங்க. நான் இருக்கேன்."

அது என் குரல்தான். ஆனால் நான் அப்படி யாரிடமும் பேசியதில்லை. பேசியிருக்கலாம் என்று தோன்றும் விதத்தில் இருந்தது. அந்தப் படியில் நின்று அதைக் கேட்டபோது பயத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மேலே ஒரு ஓரத்தில் கம்பளியால் மூடி அன்னக்கொடியைக் கிடத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை விடியும்போது இறந்துபோயிருக்கிறாள். குழந்தையும் பிழைக்கவில்லை. அருகே அவள் கணவன் தவசி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். முப்பது வயதுகூட இராது. போன் அவன் மடியில் இருந்தது. அதிலிருந்துதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

வல்லி எழுந்து வந்தாள். ஐந்து நாளில் பாதியாகிவிட்டிருந்தாள். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள் என்றே சொல்ல வேண்டும்.

"வல்லி" என்றேன்.

என் நிஜக் குரலைக் கேட்டதும் மடியிலிருந்த போன் மௌனமானது. தவசி நிமிர்ந்தான். சுற்றி இருந்தவர்கள் என்னையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண், "இதே குரலுதான்டி" என்றாள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

வல்லி அவர்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "போன்ல இருந்தது எங்க அக்கா இல்ல. இவங்க இப்பத்தான் வந்திருக்காங்க. நம்மகிட்ட இத்தனை நாள் பேசுனது அந்தப் பொட்டி." பிறகு என்னிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே, "நீ இல்லக்கா. அது நீ இல்ல" என்றாள்.

நான் கீழே போய் மருந்தகத்துக்குப் பக்கத்து அறையில் இருந்த பெட்டியை அணைத்தேன். பீரோ அளவுகூட இல்லை. பச்சை விளக்கு அணைய நான்கைந்து விநாடி ஆனது.

அன்னக்கொடியின் சாவு பற்றிய அரசு விசாரணை அடுத்த புதன்கிழமை என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிருபாகரன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அவரும் தூங்காத முகத்தோடு இருந்தார்.

"மென்பொருள்ல கோளாறுன்னு எழுதிருங்க. அதுதானுங்க உண்மையும். பொட்டி தானா பேசிருச்சு. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க, நான் என்ன பண்ணுவேன்? அந்தப் பொண்ணு வீட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சரலாம்."

"ரெண்டு பக்கத்துப் பதிவையும் கேட்டுட்டு எழுதறேங்க சார்."

"கேளுங்க. ஆனா ரொம்பக் கேக்காதீங்க" என்றார். அக்கறையோடுதான் சொன்னார்.

மலையிலிருந்து கொண்டுவந்த பதிவையும் கிளவுடில் இருந்த பதிவையும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்தேன். மனிதர் பேசியது கறுப்புக் கோடாகவும் இயந்திரம் நிரப்பியது சாம்பல் கோடாகவும் தெரியும். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு லைன் அறுந்த பிறகு, மேலே மலைப் பதிவில் வல்லி கறுப்பு, நான் சாம்பல். கீழே கிளவுட் பதிவில் நான் கறுப்பு, வல்லி சாம்பல். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இரண்டு அக்கா தங்கைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே வல்லி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கீழே என் வல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

வியாழக்கிழமை மாலை கீழே அவளுடைய முதல் சாம்பல் வாக்கியம் இது: "அது சரியாயிருச்சுக்கா." எது என்று நான் கேட்கவில்லை. "சரி சரி" என்றிருந்தேன்.

எது என்று இப்போது தேடினேன். மூன்று இருபதுக்கு முன்னால் போனேன். இரண்டு ஐம்பதுக்கு ஒரு அழைப்பு இருந்தது, நாற்பது விநாடி.

"அக்கா, இங்க அன்னக்கொடின்னு ஒரு பொண்ணுக்குப் பிரஷர் ஏறிட்டே போகுது. மூஞ்சி காலெல்லாம் வீங்கிருச்சு. ரோட்டுல மரம் விழுந்து ஜீப் போகாது. காட்டு வழியாத் தூக்கிட்டுப் போலாம்னு எட்டுப் பேர் ரெடியா நிக்கறாங்க. இப்பக் கெளம்புனா பாலம் தாண்டிரலாம். அந்தப் பக்கம் எஸ்டேட் கேட்டுல ஆம்புலன்ஸ் நிக்கணும், அதுக்கு மட்டும் நீ சொல்லிரு. கெளம்பட்டுமா?"

"இரு வல்லி, மீட்டிங்ல இருக்கேன். அவசரப்பட்டுக் கெளம்பிராத. நான் பாத்துக்கறேன்."

துண்டிக்கும் ஒலி.

கோடு முழுவதும் கறுப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். ஒரு மயிரிழை சாம்பல்கூட இல்லை. பாலம் போனது அன்று ஐந்து மணிக்கு மேல்.

எனக்கு அந்த அழைப்பு நினைவில் இல்லை. எவ்வளவு முயன்றும் இல்லை. அந்த மீட்டிங் நினைவிருக்கிறது, மேசைமேல் இருந்த முறுக்குத் தட்டு நினைவிருக்கிறது. அப்படி நான் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன்? சொன்னதும் பாரம் இறங்கிவிடுகிறது. பார்த்துக்கொண்டது போலவே ஆகிவிடுகிறது. அடுத்த முறை அவர்கள் கேட்டால், "சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு அவசரமாக யாரையாவது கூப்பிட்டுச் சொன்ன நாட்கள் உண்டு. பெட்டி எட்டு மாதம் என்னைக் கேட்டது. நான்கு மணிக்கு வல்லி மறுபடி அழைத்தபோது அது என் குரலில், "சொல்லிட்டேன், ஆம்புலன்ஸும் வருது, டீமும் வருது, அங்கயே இருங்க" என்றது. என்னிடமிருந்து கற்றதைத்தான் சொன்னது. நான் கொடுத்த வாக்கை நான்கு நாள் கட்டிக் காத்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். பதிவில் கேட்ட அதே ஏற்ற இறக்கம். முகத்தில் எதுவும் அசையவில்லை.

புதன்கிழமை விசாரணை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் நடந்தது. வல்லி எனக்கு முன்பே வந்து வராந்தாவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பன் இருந்தது. பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

"வல்லி, வியாழக்கிழமை ரெண்டு ஐம்பதுக்கு நீ பேசுனியே..."

"ம்."

"இருன்னு சொன்னது பெட்டி இல்ல. நான்."

அவள் பன்னை மென்று முடித்தாள். "தெரியும்க்கா."

"எப்படி?"

"அந்தப் பொட்டி ஒருதடவைகூட முதல்ல போனை வெக்கல. நான் அழுதா அழுது முடிக்கற வரைக்கும் இருந்துச்சு. நான் திட்டுனப்பவும் இருந்துச்சு. ரெண்டு ஐம்பதுக்கு நான் கெளம்பட்டுமான்னு கேட்டதும், பாத்துக்கறேன்னுட்டு டொக்குனு வெச்சியே, அது நீதான். அது வேற யாருக்கும் வராது." சிரிக்க முயன்றாள், முடியவில்லை.

"தெரிஞ்சுமா எல்லார் முன்னாடியும் நான் இல்லன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நூத்தம்பது பேரு சுத்தி நிக்கறாங்க. பொணம் கெடக்குது. நீ கயித்துல தொங்கி வந்து, காலெல்லாம் அட்டையோட முழிச்சுட்டு நிக்கற." குரலைத் தாழ்த்தினாள். "கெளம்பலாம்னு அந்த எட்டுப் பேரும் சொன்னாங்க. எங்க அக்கா பாத்துக்கும்னு சொல்லி நிறுத்துனது நான். அதை நான் சுமந்துக்கறேன். நீ உள்ள போயி வாயத் தொறக்காத. பொட்டின்னே இருக்கட்டும்."

"பொட்டின்னே இருந்தா, அதைச் சரி பண்ணி மறுபடியும் வெப்பாங்க. என்னையும் அங்கயே வெச்சிருப்பாங்க."

"வெச்சிருக்கட்டுமே. உனக்கு வேற என்ன தெரியும்?"

இதுதான் எங்கள் சண்டை. எனக்கு மூச்சு வந்தது.

விசாரணை அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். சன்னலோரம் தவசி உட்கார்ந்திருந்தான். சலவை செய்த சட்டை, கவ்வாத்துக் கத்தி பழகிய கை முழங்கால்மேல் சும்மா கிடந்தது. கம்பெனியின் வக்கீல் மென்பொருள் கோளாறு என்று பத்து நிமிடம் பேசினார். அதிகாரி வல்லியின் வாக்குமூலத்தைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை மதியம், கிளம்ப வேண்டாம்னு ஒரு குரல் சொல்லியிருக்கு. அது இயந்திரம் உண்டாக்குன குரல்னு எடுத்துக்கலாமா?"

வல்லி என் கால்மேல் காலை வைத்து அழுத்தினாள்.

"இல்லீங்க. அப்ப லைன் இருந்துச்சு. அது நான். கேட்டுட்டு மறந்துட்டேன். ஆம்புலன்சுக்கு யார்கிட்டயும் சொல்லல. இந்தாங்க பதிவு."

வக்கீல் எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார்.  அதிகாரி எழுதி முடித்து, தவசியைப் பார்த்து, என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

தவசி எழுந்து நின்றான். என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். நான் எதற்கும் தயாராக இருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"திங்கக்கெழம விடியக்கால, அவ போறப்ப நர்சம்மா கையில வேலையா இருந்தாங்க. நான் போனை அவ காதுல வெச்சேன். நான் இருக்கேன், நான் இருக்கேன்னு அவகிட்ட சொல்லிட்டே இருந்துச்சு. அவ போனதுக்கப்புறம் என்கிட்ட பேசிட்டே இருந்துச்சு. அது நீங்களா?"

"இல்லீங்க. அது பெட்டி."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். 

"அதாச்சும் கூட இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.